அண்ணாவின் பந்தி விசாரணை

2024 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. விடியும்போது பனி இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. காப்பி குடித்தேன். முந்தின நாள் உலர்ந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன். குளித்து விளக்கேற்றி, ஸ்கூட்டர் சீட்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன். காலையில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வேதியியல் பரிசோதனை வகுப்பு. மதியம் அக்ரஹாரத்தில் அண்ணா வீட்டில் சாப்பாடு. என் கணவருக்குப் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். ஆகவே என்னுடைய எந்தச் செவ்வாய்க்கிழமையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். டைரியிலும் இப்படித்தான் எழுதுவேன். நடந்தது என்ன, எந்த வரிசையில் நடந்தது, அவ்வளவுதான்.

பரிசோதனை வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவி ப்யூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடும்போது நான் பின்னால் நின்று குடுவையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிறம் மாறப்போகிற சமயத்தில் என் இடது கை விரல்கள் தாமாக மடங்கும், திருகை மூட வேண்டியவள் நான்தான் என்பதுபோல. அந்தப் பெண் ஒரு நொடி தாமதித்தால் குடுவை அடர்ந்த சிவப்பாகிவிடும். என் விரல்கள் மட்டும் காற்றில் சரியான நேரத்தில் மூடியிருக்கும். ஒருமுறை ஒரு மாணவி திரும்பிப் பார்த்துவிட்டு, “மேடம், ப்யூரெட் இங்க இருக்கு” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஒரு விஷயமாக எண்ணியதில்லை. அண்ணாவுக்குக் கை போன பிறகுதான் அந்த விரல்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

அண்ணா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஆனால் எங்கள் உறவுக்காரர்களுக்கு அவருடைய அலுவலகம் எது என்பதே சரியாகத் தெரியாது. அவர்களுக்கு அவர் பந்தி விசாரிக்கிறவர்.

மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் தங்கிப்போன குடும்பம் எங்களுடையது. எங்கள் வீடுகளில் சாப்பிடும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: அடுத்தவர் இலையைப் பார்க்கக் கூடாது. கண் படும் என்பார்கள். சிறு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த ஜாங்கிரியை நான் உற்றுப் பார்த்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளி, “அவா இலைல என்ன இருந்தா நோக்கென்ன? உன் இலையைப் பாரு” என்றாள். அன்றிலிருந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிடப் பழகினேன். இன்றும் கல்லூரி கேன்டீனில் எதிரே இருப்பவர் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு பெற்றவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பரிமாறுகிறவர். மற்றவர் பந்தி விசாரிக்கிறவர். யாருக்கு என்ன வேண்டும், எந்த இலையில் எது தீர்ந்தது என்று பார்த்துப் பரிமாறுகிறவர்களை ஏவுவது அவர் வேலை. இலைகளை அவர் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும்.

அந்தக் காலத்துக் கல்யாணச் சத்திரங்களை நினைத்தால் எனக்கு மணமேடை நினைவுக்கு வருவதில்லை. ஈரம் சொட்டும் இலைகளும், வாளி கைப்பிடியின் கிறீச் சத்தமும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே தோளில் துண்டோடு நடந்து வரும் அண்ணாவும்தான். “இங்க சாத்துமது!” என்பார். ரசத்துக்கு எங்கள் வீட்டுப் பெயர் அது. “இந்த மாமாவுக்குக் கூட்டு காட்டு. மாமி, இலை காலியா இருக்கே, கோவமா?” அவர் முகங்களைப் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். சாதம் பிசைகிற கை கொஞ்சம் சோர்ந்தால் குழம்பு போதவில்லை என்று அர்த்தம். விரல்கள் இலையின் ஓரத்தைத் தடவினால் அடுத்ததற்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு கல்யாணத்தில் பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு, “போறும், போறும், சத்தியமா போறும்!” என்று கத்தினார். ஜாங்கிரித் தட்டோடு நின்ற பையன் நகரப் பார்த்தான்.

“போடுடா” என்றார் அண்ணா.

“வேண்டாங்கறாரே?”

“வாய்தான் வேண்டாங்கறது. விரலைப் பாரு. நடுவுல எவ்வளவு சந்து விட்டிருக்கார்! வேண்டாங்கறவன் விரலைச் சேத்துன்னா வெச்சுப்பான்?”

பந்தியே சிரித்தது. பெரியவர் கையை எடுத்துவிட்டார். இரண்டு ஜாங்கிரி விழுந்தது.

அப்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வரிசையைப் பார்த்துக்கொண்டே நிற்கும் அண்ணாவின் வலது கை விரல்கள் வேஷ்டி மடிப்போரம் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். குவியும், விரியும், கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஒரு தள்ளு தள்ளும். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருடைய சாதத்தையும் அவரே பிசைவதுபோல் இருக்கும்.

“என்ன அண்ணா, தாளம் போடறியா?” என்று கேட்பேன்.

“பசிக்கறதுடி. கடைசிப் பந்தி வரைக்கும் நான்தானே பட்டினி” என்பார்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பும்போது அவருடைய வலது கால் செருப்புக்குள் போக மறுத்தது. குனிந்து மாட்டப் பார்த்தார், கையும் மறுத்தது. மனைவியை, எங்கள் மன்னியைக் கூப்பிட்டபோது வாய் குழறியது. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு பாதி வந்திருந்தது. தசராவுக்குள் முழுதும் வந்துவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தார். வலது கை மட்டும் பின்தங்கிவிட்டது. தோள் கொஞ்சம் உயரும். முழங்கை மடங்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும். விரித்து வைத்தால் மறுபடி சுருளும்.

அவருக்கு எழுத முடியாததோ பொத்தான் போட முடியாததோ பெரிய குறையாக இல்லை. சாப்பிட முடியாததுதான் அவரை உடைத்தது. இடது கையால் சாப்பிடுங்கள் என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். ஆகவே மன்னி ஸ்பூனால் ஊட்டினாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. நான் போனால்கூட அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றால் பேச்சுக் குரல் மட்டும் கேட்கும்.

“நீ ஏன் வாயைத் திறக்கறே?”

“நான் எங்க திறந்தேன்?”

“ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஆன்னு திறக்கறே. எனக்கு ஊட்டறியா, நீ சாப்பிடறியா?”

“குழந்தைக்கு ஊட்டின பழக்கம். தானா திறக்கறது.”

“நான் குழந்தையா?”

அதற்குப் பிறகு தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம் மட்டும் வரும்.

கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. பிரித்துப் படித்துவிட்டு மேஜையில் வைத்துவிடுவார். “பந்தி கிந்தி எல்லாம் ஆயிடுத்து. என்னைக் கூப்பிடாதீங்கோ” என்றார். வேறு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை தூங்குவதுபோல் படுத்திருப்பார். கை திரும்ப வேண்டுமானால் முதல் சில மாதங்களில்தான் அதிகம் திரும்பும், பிறகு மெதுவாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

தீபாவளிக்கு முன்னால் ஒரு புதிய பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். முப்பது வயது இருக்கும். நஞ்சன்கூடு பக்கத்துப் பெண். அண்ணாவின் விரல்களைப் பிரித்து நீட்டும்போது அவர் கத்துவார், அவள் விடமாட்டாள். ஒரு நாள் புதிதாக ஒன்று சொன்னாள். ஒருவர் ஒரு வேலையைச் செய்வதை நாம் பார்க்கும்போது, அதே வேலையை நாம் செய்யும்போது மூளையில் எந்தப் பகுதிகள் இயங்குமோ அவற்றில் சில இயங்குகின்றனவாம். கை அசையாது, ஆனால் கையை ஏவுகிற இடம் தயாராகிறது. நமக்கு நன்றாகப் பழகிய வேலை என்றால் இன்னும் அதிகம். அதனால் முதலில் கவனமாகப் பார்ப்பது, உடனே அதையே செய்ய முயல்வது, இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் சிலருக்குப் பலன் கிடைக்கிறது என்றாள்.

எனக்கு உடனே ப்யூரெட் நினைவுக்கு வந்தது. மன்னியின் திறந்த வாயும்.

பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். எவ்வளவு தூரம் நிச்சயம் என்பதில் ஆராய்கிறவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்று தெரிந்தது. வெறுமனே பார்ப்பது கையைத் திருப்பித் தந்துவிடாது என்பதும் தெரிந்தது. இருந்தாலும் அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

அவள் தன் டேப்லெட்டில் வீடியோக்கள் காட்டினாள். யாருடைய கையோ கோப்பையைத் தூக்கியது. யாருடைய கையோ ஆப்பிளை வெட்டி முள்கரண்டியால் குத்தியது. அண்ணா மரியாதையாகப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: “இவன் யாருடி? நான் ஜன்மத்துல எதையும் முள்ளால குத்தினதில்லை. இதைப் பாத்து என் கைக்கு என்ன ஞாபகம் வரும்?”

நான் அவளுக்குக் கன்னடத்தில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அவர் சொல்வது சரிதான் என்றாள். வாழ்நாள் முழுக்க இந்தக் கை செய்தது எது என்று கேட்டாள். மன்னி யோசிக்கவே இல்லை. “சாதம் பிசைஞ்சு சாப்பிட்டது” என்றாள்.

இப்படித்தான் நான் தினமும் மதியம் அண்ணா வீட்டில் சாப்பிட ஆரம்பித்தேன். நான் சாப்பிட வேண்டும், அண்ணா என் கையைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அவர் முன்னால் ஒரு தட்டில் குழைந்த சாதத்தை வைப்போம், அவர் பிசைய முயல வேண்டும். முறை தவறாமல் செய்தோம். கட்டைவிரல் ஒரு முறைகூட அசையவில்லை. வாரங்கள் போயின. எனக்கு நம்பிக்கை குறைந்தது. அவருக்கு முதலிலிருந்தே இல்லை.

ஒரு நாள் மதியம் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் வந்து கதவோரம் நின்று பார்த்தாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், கோடெ நோட்தா இதீரல்லா!” என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்று.

நான் நிமிர்ந்தேன். அண்ணா எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டவர்போல் தலையைத் தொங்கப்போட்டார். இத்தனை வாரமும் அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. நானோ தலையை நிமிர்த்தியே இல்லை, அதனால் அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. இருவரும் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

“அவ சாப்பிடறதை எப்படிப் பாக்கறது?” என்றார். “கூடப் பொறந்தவ. கண்ணு பட்டா?”

பிசியோதெரபிஸ்டுக்கு நான் விளக்கினேன். தங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஆனாலும் இது வைத்தியம் அல்லவா என்றாள் அவள். அண்ணா அசையவில்லை. அப்போது சமையலறையிலிருந்து மன்னி கரண்டியோடு வெளியே வந்தாள். பல மாதத்துக் கோபம் அவள் குரலில் இருந்தது.

“ஆமாம், ஆமாம். பந்தி விசாரிக்கறச்சே மட்டும் ஊர்ல இருக்கறவா இலையெல்லாம் உத்து உத்துப் பாப்பேள். அப்ப யாருக்கும் கண்ணு படலையா?”

“அது வேற. அது வேலை.”

“அப்ப இதையும் வேலையாப் பண்ணுங்கோ!”

அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணா அவள் போன வாசலைப் பார்த்தார். பிறகு என்னிடம், “தட்டுல போட்டா பந்தியாகாது” என்றார்.

மறுநாள் கல்லூரியிலிருந்து வரும் வழியில் அக்ரஹாரத்து முக்குக் கடையில் ஒரு வாழை இலை வாங்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து தினமும் வாங்கினேன். அண்ணா தோளில் துண்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் அவரை எனக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தன் கை எந்தப் பக்கமாக இருக்குமோ அதே பக்கமாகப் பார்த்தால் நல்லதாம்.

“பக்கத்துல உக்காந்துண்டு விசாரிச்சா அது பந்தியில்லை, பங்காளிச் சண்டை” என்றார் அண்ணா. எதிரேதான் உட்காருவேன் என்றார். அவர் பார்ப்பதே பெரிது என்று அவளும் விட்டுவிட்டாள்.

“இவளே! இந்த மாமிக்கு ஸ்வல்பம் சாத்துமது விடு” என்று மன்னியை ஏவ ஆரம்பித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். “கறமது காட்டு. இல்லை இல்லை, அந்தப் பக்கம். மாமி, என்ன கூச்சம்? சும்னே சாப்பிடுங்கோ.” பொரியலைக் கறமது என்போம், சும்னே கன்னடத்துச் சும்மா.

“நான் உன் தங்கை.”

“பந்தியில உக்காந்தாச்சுன்னா மாமிதான்.”

எனக்குத்தான் முதலில் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதுவரை யாரும் பார்க்காமல் சாப்பிட்டவள். என் விரல்களுக்கு அவர் பார்வை ஒரு பாரமாக இருந்தது. மெதுவாகப் பழகினேன். அவரும் பழையபடி ஆகிவிட்டார். நான் போதும் என்றால், “இவளே, இன்னும் ஒரு கரண்டி. விரலைப் பாரு, சந்து விட்டிருக்கா” என்பார். “நீ தேறறதுக்குள்ள நான் பெருத்துடுவேன்” என்றேன். “ஏற்கனவே அப்படித்தான் இருக்கே” என்றார். மன்னி சமையலறையில் சிரித்தது கேட்டது.

சங்கராந்தி சமயம். அவரைக்காய் வந்து குவிந்திருந்தது. நான் சாத்துமது சாதத்தை ஒதுக்கி வாய்க்குக் கொண்டுபோனபோது, மேஜையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணாவின் மடியில் ஏதோ அசைந்தது தெரிந்தது. சுருண்டு கிடந்த விரல்களின் மேல் கட்டைவிரல் மெதுவாக ஒரு தள்ளு தள்ளியது. நான் கையை நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி பிசைந்தேன். மறுபடி அசைந்தது. அவர் என் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மடியைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது நின்றுபோய்விடும் என்று ஒரு பயம். மன்னியிடமும் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். விரலை இன்னும் அதிகமாக நீட்டி வேலை வாங்கப் போகிறேன் என்று சொல்லி, அப்படியே செய்தாள். அவர் கத்தினார்.

ஜனவரி 30, அந்தச் செவ்வாய்க்கிழமை, வகுப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. மாணவிகளின் கணக்குகள் எதுவும் ஒத்துவரவில்லை. அதே யோசனையோடு வந்து உட்கார்ந்தேன். பிதுக்கின அவரைக் கூட்டு, எலுமிச்சை சாத்துமது, அப்பளம். எல்லாம் வழக்கப்படி நடந்தது. மன்னி தயிரை விட்டாள். நான் பிசைந்தேன். கவனமில்லாமல் விரல் நுனியால் கிளறிக்கொண்டிருந்திருப்பேன்.

“தயிர் சாதம் பிசையற லட்சணமா இது? கட்டி கட்டியா நிக்கறது பாரு. உள்ளங்கையை வெச்சு அழுத்துடி.”

அழுத்தினேன்.

“அப்படியில்லை.”

“எப்படித்தான் அழுத்தறது?”

“இப்படி!”

மேஜைக்கு மேல் குனிந்து வந்தது அவருடைய வலது கை. என் இலையில் இறங்கியது. உள்ளங்கையின் அடிப்பக்கம் சாதத்தை அழுத்தியது. விரல்கள் கொஞ்சம் விரிந்து குவிந்தன. கட்டைவிரல் தள்ளியது. மறுபடி அழுத்தியது.

“ஐயோ, எச்சல்! அவ சாப்பிடற இலைல போய்…” என்று மன்னி தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அதோடு நின்றுவிட்டாள். அடுத்தவர் இலையைப் பார்க்கவே கூசியவர், அதில் கையே வைத்திருந்தார். எந்தக் கை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணா கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே தயிர் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி போய்க்கொண்டிருந்தது.

மன்னி செம்பைச் சாய்த்து அந்தக் கையை அலம்பிவிட்டாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாக. அவர் சொன்னார்: “எனக்கு இலை போடு.”

“தட்டுல தரட்டுமா?”

“இலை.”

“அடி இலைதான் இருக்கு. நுனியை அவளுக்குப் போட்டுட்டேன்.”

“போடு. நான் என்ன சம்பந்தியா?”

அடி இலையைக் கழுவிப் போட்டாள். சாதம், தயிர். அண்ணா கையை இலைக்குக் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை என் இலையில் அவர் கையோடு சேர்ந்து குவிவதை உணர்ந்தேன்.

“நீ என்ன பாத்துண்டிருக்கே?” என்றார். “உன் இலையைப் பாரு.”

நான் குனிந்துகொண்டேன்.

ஆகவே அண்ணா எப்படிச் சாப்பிட்டார் என்று என்னால் எழுத முடியாது. நான் பார்க்கவில்லை. இலை சரசரத்தது. ஏதோ ஈரமாகத் தரையில் விழுந்தது. மறுபடி இலை சரசரத்தது. பிறகு, “உப்பு போறாது” என்ற குரல் கேட்டது, வாயில் சோற்றோடு. மன்னி உப்பு எடுக்கப் போனாள். அவள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என் இலையில் இருந்ததை முறைப்படி நான் சாப்பிடக் கூடாது, அதில் அவர் கை பட்டிருந்தது. ஆனாலும் நான் சாப்பிட்டேன்.

எழுந்தபோதுதான் பார்த்தேன். சட்டை முன்புறமெல்லாம் சாதம். நாற்காலிக்குக் கீழேயும் சாதம். இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் களைத்துப் போயிருந்தார். விரல்கள் மறுபடி சுருண்டுவிட்டன. பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். நாளைக்கே இது வராமலும் போகலாம், அதற்காக மனதை விட வேண்டாம், ஒவ்வொரு வேளையும் இலை போடுங்கள் என்றாள். அவள் சொன்னதை அப்படியே மன்னியிடம் சொல்லிவிட்டு மதிய வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் விளக்கேற்றி முடித்த சமயம் மன்னி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“நகத்துக்குள்ள சாதம் போய் உக்காந்துண்டு எரியறதாம். இப்பவே வெட்டுன்னு அடம் பிடிக்கறார்.”

அந்தக் கையின் நகங்கள் வளர்ந்திருந்தன. சுருண்ட விரல்களைப் பிரித்து வெட்ட மன்னிக்கு எப்போதும் பயம்.

“செவ்வாய்க்கிழமை, மன்னி. விளக்கு வேற ஏத்தியாச்சு.”

“நானும் அதைத்தான் சொன்னேன்.”

பின்னாலிருந்து அண்ணாவின் குரல் கேட்டது: “அவளையே வந்து வெட்டச் சொல்லு. நீ வெட்டினா விரலும் சேந்து போயிடும்!”

புதன்கிழமை காலை எழுந்ததும், வாசல் தெளிக்காமல், பாலைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், நகவெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணா வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். வலது கையை அவராகவே என் பக்கம் நகர்த்தி வைத்தார். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.